வயல் விட்ட மூச்சை அளந்த வருஷம்

மார்கழிக் காலைகளில் பாபநாசத்துக்குத் தெற்கே வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எட்டு மணி வரைக்கும் சொல்ல முடியாது. பனி அப்படி இறங்கிக் கிடக்கும். அந்தப் பனிக்கு நடுவில், சேற்றில் நாலு முளை அடித்து அதன்மேல் போட்ட ஒரு பலகையில் நான் உட்கார்ந்திருப்பேன். எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நாலு குத்து நெல். கையில் ஒரு சிரிஞ்சு, மடியில் ஒரு நோட்டு. பெட்டியைக் கவிழ்த்ததும் ஒரு தடவை, கால்மணி கழித்து ஒரு தடவை, அரைமணி ஆனதும் ஒரு தடவை உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, விரல் நீளக் குப்பிகளில் ஏற்றி ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். எனக்கு முதன்முதலில் கிடைத்த உத்தியோகம் அதுதான். வயல் விடுகிற மூச்சைப் பிடித்துக் குப்பியில் அடைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "இதுக்குத்தான் பி.எஸ்சி. படிச்சியா?" என்றார்.

ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நகரவும் கூடாது. கால் பட்டால் சேறு கலங்கி, அடியில் கிடக்கும் குமிழியெல்லாம் ஒன்றாகக் கிளம்பி அளவைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் பலகை. அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் பெட்டியின் உள்பக்கம் மெல்ல வியர்க்கும், பயிர் மங்கும், பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி மட்டும் உள்ளே இலைகளை ஆட்டிக்கொண்டிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம். கும்பகோணம் பஸ்ஸின் ஹாரன் பனிக்குள் எங்கிருந்தோ வரும். சேற்றிலிருந்து ஒரு குமிழி எழும்பி, தண்ணீரின் மேல் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு உடையும். பிறகு இன்னொன்று. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. மேலே படிக்கிறேன், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பெரிய அறையில் நிற்கிறேன், ஜன்னலுக்கு வெளியே இதே பனி நிற்கிறது. கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு சிரிஞ்சை எடுப்பேன்.

ஊரிலிருந்து எல்லாரும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள், மிச்சப் பேர் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார்கள் அல்லது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நான் மன்னார்குடியில் வேதியியல் முடித்துவிட்டு, இரண்டு வருஷமாக அம்மாவுடன் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண். நாற்றுமுடியைத் தூக்கி என் பக்கம் போடும்போதெல்லாம் நடவுப் பெண்கள் "பி.எஸ்சி. பிடிச்சுக்க" என்று கேலி செய்வார்கள். அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் ஆள் தேடி வந்தார். சேற்றுக்கு அஞ்சாத, குப்பிச் சீட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். இரண்டும் சேர்ந்தது அந்தச் சுற்றுவட்டத்தில் நான் ஒருத்திதான். அவரை நான் சார் என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சார் விளக்கியது எனக்குப் புரிந்தவரை இதுதான். தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் மட்குகிற தழையையும் வேரையும் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்ற வாயுவை விடுகின்றன. அது நெல்லின் தண்டு வழியாகவே மேலே ஏறி வானத்துக்குப் போகிறது. போய்ச் சும்மா இருப்பதில்லை, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உலகம் சூடாவதில் நெல்வயலுக்கு எவ்வளவு பங்கு என்று வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள், நாமே நம் வயலில் இறங்கி அளந்து பார்த்தால்தான் அது சரியா தப்பா என்று தெரியும் என்றார். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. டெல்டாவில் ஐந்து ஊர்களில் வயல் பிடித்திருந்தார். எங்கள் ஊரில் அவருக்குக் கிடைத்தது அக்காவின் வயல்.

அக்கா என்று நான் சொல்வது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பள்ளிவாசல் தெருவில் இருந்த ஒரு வீட்டுக்காரரை. அவர் கணவர் துபாயில் இருந்தார், ஊர் முழுக்க அவரைப் பாய் என்போம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். நடுவில் கேசட்டில் பேசி அனுப்புவார். நாற்று விடுவதிலிருந்து களத்தில் நெல் அளப்பது வரை அக்காதான். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் அவர் நடந்து வந்தால் ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அப்பா அவர் வயல்களுக்குத் தண்ணீர் பார்த்தார். நானும் அம்மாவும் அங்கே நட்டிருக்கிறோம்.

வயலில் பெட்டி வைக்கலாமா என்று சார் கேட்டு முடிப்பதற்குள் அக்கா சரி என்றுவிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து படித்தவர்கள் தன் வயலைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சாருக்குப் பிரியாணி, ஜீப் டிரைவருக்குப் பார்சல். அந்த வீட்டில் விசேஷம் என்றால் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் பெருநாளுக்கு என்னையும் அப்படி ஒரு தட்டில் உட்காரவைத்தார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேறு தெரு வீட்டுக் கூடத்தில், வேறு ஆட்களோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். நான் தயங்கியதைப் பார்த்து, "என்ன பாப்பா, கறி நல்லா இல்லியா?" என்று கறியை என் பக்கம் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

உழுது முடித்து நடவுக்கு முன்னால் சார் வந்து வயலில் மூன்று இடத்தில் குச்சி நட்டுத் துணி கட்டினார். அந்த இடங்களில்தான் நடவுக்குப் பிறகு இரும்புச் சட்டங்கள் இறங்கின. அந்தச் சட்டத்தின்மேல்தான் பெட்டியைக் கவிழ்ப்பது. ஐப்பசியிலேயே நான் ஒன்றைக் கவனித்தேன். சட்டத்துக்குள் இருந்த பயிர் மற்றதைவிடக் கறுத்துச் செழித்து நின்றது. சட்டம் தடுப்பதால் யூரியா வெளியே போகாமல் உள்ளேயே நிற்கிறது போல என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சாரும் பார்த்தார், அவரும் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் நான் அதை எழுதவில்லை. அந்த எழுதாத வரிக்காக நான் இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்வதுண்டு.

குப்பிகள் வாரா வாரம் தஞ்சாவூருக்குப் போயின. எங்கள் ஊர் வயலில்தான் வாயு அதிகம் என்று முடிவு வந்தது. மற்ற நாலு ஊரைவிட எக்கச்சக்கமாக அதிகம். சொன்னால் வெட்கக்கேடு, எனக்குப் பெருமையாக இருந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல் இருந்தது.

மார்கழிக் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கில் சார் இதைப் பேசினார். முன்வரிசையில் ஒரு நிருபர் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டார். மறுநாள் பத்திரிகையில் டெல்டா நெல்தான் பூமியைக் கொதிக்கவைக்கிறது என்கிற தொனியில் பெரிய எழுத்தில் தலைப்பு. ஐந்து வயல்களின் கணக்கில் எது மிகப் பெரியதோ அந்த ஒரு எண்ணை எடுத்து, அதையே டெல்டா முழுவதுக்கும் பெருக்கியிருந்தார்கள். அது எங்கள் வயலின் எண். மற்ற நாலு வயல்களும் செய்தியில் இல்லவே இல்லை. ஊர் ஊராக ஓடும் கார்களோ புகை விடும் ஆலைகளோ எவ்வளவு விடுகின்றன என்ற பேச்சும் இல்லை. வயலைக் காயவைத்துக் காயவைத்துப் பாய்ச்சுவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி மட்டும் இருந்தது.

அந்தக் கடைசி வரியில்தான் ஊர் தீப்பிடித்தது. ஆறு வருமா வராதா என்று வருஷா வருஷம் வானொலிக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிற ஊரில் போய், வயலில் தண்ணீர் நிற்பது தப்பு என்று சொன்னால் யார் காதில் என்னவாக விழும்? அப்பா பத்திரிகையை என் முன்னால் போட்டார்.

"மேட்டூர்ல தொறக்க மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தானுங்க. அத நீ ஊசியில எடுத்துக் குடுத்துட்ட."

"அப்பா, பேப்பர்காரன் பெருசு பண்ணிட்டான். அதுக்காக வாயு இல்லன்னு ஆயிடாது."

"அந்த நம்பரு நெசமா?"

"நானே அளந்ததுப்பா. என் கையால. தப்பு வராது."

அப்பா பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் சாரை வாய்க்கு வந்தபடி பேசியபோது, அப்பா எழுந்து, "என் பொண்ணு அளந்தது. தப்பா இருக்காது" என்றாராம். அந்தச் செய்தி அவருக்கு வேப்பங்காய். ஆனாலும் எனக்காக அந்தப் பக்கம் போய் நின்றார். இதைக் கேள்விப்பட்டதும் நான் நெகிழ்ந்துபோனேன்.

பாயும் துபாயில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார், யாரோ ஊரிலிருந்து போனவர் கொண்டுபோன பத்திரிகையில். அடுத்த கேசட்டை அக்கா எனக்குப் போட்டுக் காட்டினார். "நம்ம வயலு உலகத்தையே சூடாக்குதாமே. இங்க எனக்கு இருக்கற சூடு பத்தாதா?" என்று பாய் சிரிப்பது கரகரவென்று கேட்டது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. நம்ம வயல் பேப்பரில் வந்துவிட்டது.

தையில் அறுப்பு. சட்டத்துக்குள் இருந்த பயிரைத் தனியாக அறுத்து, வேரோடு மண்ணையும் எடுத்து வரச் சார் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பனி விலக வெகு நேரம் ஆனது. நான் மண்டியிட்டு முதல் சட்டத்துக்குள் கையை விட்டு ஒரு குத்தைப் பிடுங்கினேன். கறுப்பாக, குழைவாக, வயலின் மற்ற மண்ணில் இல்லாத ஒரு வாசனையோடு மண் வந்தது. அதில் இலைக்காம்புகள் இருந்தன. பாதி மட்கிய பூவரசு இலைகள், நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியவை. கூடவே சாணக்கட்டி. இரண்டாவது சட்டத்திலும் அதுவே. மூன்றாவதிலும். சட்டத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளித் தோண்டினேன், வெறும் மண். பனியும் வயலும் அப்படியே இருந்தன. எனக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது.

வரப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்ததைக் காட்டினேன்.

"கண்டுபுடிச்சிட்டியா?" என்றார் சிரித்துக்கொண்டே. "அவரு குச்சி நட்டுட்டுப் போன அன்னிக்கே ஆள வுட்டு தழை போட்டு மிதிக்கச் சொன்னேன். எருக்குழியிலேருந்து ஆளுக்கு ரெண்டு கூடை. வந்தவங்க பெட்டி வைக்கிற எடம் சோகையா இருந்தா எனக்குத்தானே பாப்பா அசிங்கம்?"

சேற்றில் தழை சேரச் சேர, அந்த நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு சேரும். விருந்தாளி உட்காரும் கோரைப்பாயை உதறிப் போடுவதுபோல அவர் அந்த மூன்று இடத்தையும் செய்து வைத்திருந்தார். நாங்கள் அளந்ததெல்லாம் அந்த உபசாரத்தைத்தான். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. "நல்லா வெளஞ்சிருக்குக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. அறுத்தது, அறுக்காதது, கட்டுக்கட்டாகக் கிடந்தது. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வரை யோசித்தேன். சார் என்னை மேற்படிப்புக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மண்ணை வழியில் எங்காவது கொட்டிவிட்டு வேறு மண்ணை அள்ளிக்கொண்டு போனால் ஒருத்தருக்கும் தெரியாது. இலைக்காம்போடு இருந்த பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

சார் பையைத் திறந்து பார்த்தார். ஒரு காம்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மத்த நாலு ஊர்லயும் கம்மியா வந்தப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்," என்றார். "வரல. பெரிய நம்பரா இருந்துச்சு. அது வேணும்போல இருந்துச்சு."

"அந்தம்மாகிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலியே சார். எதுக்குப் பெட்டி, என்ன அளக்கறோம்னு. குச்சி நட்டீங்க, பிரியாணி சாப்டீங்க, போயிட்டீங்க." சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. அந்த மூன்று இடத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாகவும் பத்திரிகைக்கு எழுதுவதாகவும் சொன்னார். எழுதவும் செய்தார். ஒரு மாதம் கழித்து உள்பக்கத்தில், தேங்காய் விலைக்குக் கீழே, ஆய்வு தொடர்கிறது என்று நாலு வரி வந்தது. தப்பு என்ற சொல் அதில் இல்லை.

அதுவரை நான் காத்திருக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாளே களத்துமேட்டுக்குப் போனேன். அறுத்த கட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண், பெண், இரண்டு தெருக்காரர்களும் இருந்தார்கள். பதரும் தூசியும் வெயிலில் தங்கமாக மிதந்தன. அப்பா தூற்றிக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். பேப்பரில் வந்த நம்பர் தப்பு, அளந்ததில் பிசகு நடந்துவிட்டது என்றேன்.

களம் முழுக்க ஒரு நிம்மதி ஓடியதை என்னால் பார்க்க முடிந்தது. "அப்ப வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் ஒருவர்.

"இருக்கு. அவ்ளோ இல்ல. இன்னும் சரியா அளக்கணும்."

"இருக்கா இல்லியா, ஒண்ணச் சொல்லு."

இதுதான் நான் மாட்டிக்கொண்ட இடம். தப்பு என்று சொன்னால் எல்லாமே பொய் என்று ஆகிறது. இருக்கிறது என்று சொன்னால் பேப்பர் சொன்னது சரி என்று ஆகிறது. நடுவில் இருக்கும் உண்மைக்கு அந்தக் களத்தில் நிற்க இடமே இல்லை. "என்ன பிசகு? எப்புடி ஆச்சு?" என்று இன்னொருவர் கேட்டார். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அக்கா தன் நெல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தட்டில் கறியை என் பக்கம் தள்ளிவிட்ட கையை இத்தனை பேர் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

"நான் சரியாப் பாக்கல. என் தப்புதான்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

அப்பா தூற்றுக்கூடையைக் கீழே வைத்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. டீக்கடையில் அவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. தழையும் எருவும் போடச் சொன்னது நானு. போட்டா அளவு கெடும்னு எனக்குத் தெரியாது" என்றார். குரல் தழையவே இல்லை. பிறகு யாரோ, "வயலுக்கே விருந்து வச்சிருக்காங்கப்பா" என்றார், களமே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. குவியலுக்குத் திரும்பிப் போய் நெல்லை அளக்க ஆரம்பித்தார்.

அந்தச் சிரிப்பு லேசில் போகவில்லை. கோடையில் வேளாண்துறைக்காரர் ஒருவர் வந்து, வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பாய்ச்சினால் தண்ணீரும் மிச்சம், வாயுவும் குறையும் என்று பேசினார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "இத எந்த வீட்டுத் தழைய வச்சு அளந்தீங்க?" என்று கேட்டது. அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. ஒரு பெரிய தப்பான எண்ணுக்குப் பயந்தவர்கள் இப்போது எந்த எண்ணையும் நம்பத் தயாராக இல்லை. அதற்குக் காரணம் பத்திரிகை மட்டும் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு ஆசைதான். இன்றைக்கு என் கைபேசியில் விஞ்ஞானிகள் அதிர்ச்சி என்று ஏதாவது வந்தால், அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அது யார் வயல், அந்த வயல்காரரிடம் யாராவது விஷயத்தைச் சொன்னார்களா என்றுதான் மனசு கேட்கிறது.

அக்கா வீட்டிலிருந்து கூப்பிடுவது நின்றுபோனது. அப்பா போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வருவார், நான் போகவில்லை. ஆடி கழிந்து ஆற்றில் தாமதமாகத் தண்ணீர் வந்தது. அந்த வயலிலேயே மறுபடி அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த கணக்கு எதற்கும் ஆகாது என்று சார் எழுதியிருந்தார். கேட்க வேண்டியது நான். இரண்டு நாள் வாய்க்கால் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் போனேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"என்ன செய்யக்கூடாதுன்னு அன்னிக்கு ஒருத்தரும் சொல்லலியே பாப்பா. வந்தவங்களக் கவனிக்கத் தெரியும் எங்களுக்கு. சும்மா வுட்டுடத் தெரியாது. இந்தத் தடவ என்ன ஏதுன்னு மொதல்லயே சொல்லிடு."

அன்றைக்கே அவரை வயலுக்குக் கூட்டிப்போனேன். சேறு எப்படி மூச்சு விடுகிறது, தழை என்ன செய்கிறது, ஏன் அந்த இடம் மற்ற இடத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். நட்ட பிறகு, பெட்டி வைத்த முதல் நாள், பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிஞ்சை அவர் கையில் கொடுத்தேன். முதல் குப்பியை அவர்தான் அடைத்தார். பிறகு கால்மணி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பெட்டி வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் தண்ணீரில் நகர்ந்தது. "தூக்கம் வருது பாப்பா" என்றார். எனக்கு அந்த நிமிஷம் உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் பயிர் எழும்பவே இல்லை. தண்ணீர் தாமதம், பிறகு மழை அதிகம், வயல் பூராவும் வெளுத்து நின்றது. சட்டத்துக்குள்ளும் அப்படியே. வாயுவும் போன தடவையைவிட நன்றாகக் குறைவாகவே வந்தது, ஆனால் வந்தது. அக்கா தினம் காலையில் வரப்பில் வந்து நின்று அந்த மூன்று இடத்தையும் பார்த்துவிட்டுப் போவார். வயல் முழுக்க உரம் போட்ட அன்று அங்கேயும் அதே அளவு, ஒரு பிடி அதிகம் இல்லை. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மார்கழியில் சார் இரண்டு பேரை அழைத்து வந்தார். ஒருவர் வெளிநாட்டுக்காரர். முதல் நாளே தகவல் வந்துவிட்டதால் அக்கா வீட்டில் விடிவதற்குள் அடுப்பு மூட்டியாகிவிட்டது. நான் அவர்களுக்கு முன்னால் வயலுக்குப் போய், பலகையில் குனிந்து, மூன்று சட்டத்துக்குள்ளும் கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன். தழை இல்லை, எரு இல்லை. நிமிர்ந்தபோது அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் தேடியதைப் பார்த்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வந்தவர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வரப்பில் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் குனிந்து வெகு நேரம் பயிரைப் பார்த்தார். இந்த வயல் எப்போதுமே இப்படித்தான் இருக்குமா, இந்த இடத்துக்குத் தனியாக ஏதாவது செய்தார்களா என்று கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன். வரப்பில் அப்பாவும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள்.

அக்கா பயிரைப் பார்த்தார். துப்பட்டியின் முனையை விரலில் சுற்றி அவிழ்த்தார். விருந்தாளி முன்னால் தன் வீட்டுச் சோற்றைக்கூடக் குறைத்துச் சொல்லியறியாதவர்.

"இந்த வருஷம் எங்க பயிரு இவ்வளவுதான்," என்றார். "சோகைதான். தனியா ஒண்ணும் செய்யல. நம்பச் சொல்லு."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். கடைசி இரண்டு சொல்லுக்கு வந்தபோது குரல் உடைந்துவிட்டது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று புரியாமல் வந்தவர் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.